ஓடைக்கரை மரத்துக்கு மட்டும் எப்போதும் ஒரு காரணம்

நம்ம நீலகிரியில் ஓடையோரம் நிற்கிற மரத்தை வெட்டக் காரணம் கிடைக்காமல் போனதே இல்லை. தூர்வார வேண்டும். மழையில் சாய்ந்து தண்ணீரை அடைத்துவிடும். காய்கறித் தோட்டத்தில் நிழல் விழுகிறது. காட்டேஜில் தங்க வருகிறவருக்குப் பள்ளத்தாக்கு தெரியவில்லை. கேரட் கழுவுகிற மெஷின் வைக்க இடம் வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் எல்லாமே நியாயம் போலத்தான் இருக்கும், எல்லாமே இரண்டு மரம், மூன்று மரம்தான். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் ஓடை நெடுக மொட்டையாக இருக்கும். யார் வெட்டியது என்று கேட்டால் ஆளே இருக்காது.

மரமே வெட்டக்கூடாது என்று பேசுகிற கட்சி இல்லை நான். வீட்டு மேல் சாய்ந்து நிற்கிற கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸை, வெட்டித்தான் ஆகணும். 2009 நவம்பர் மண்சரிவில் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பதைப் பார்த்தவர்கள் நாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆனால் இப்படி மழை பெய்கிற மலையில், கரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேரையா முதலில் பிடுங்குவது? கேட்டால் அதுக்குப் பேர் வெள்ளத் தடுப்பு.

கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடுகிற ஓடைக்கும் இதுதான் நடந்தது. பொக்லைன் இறங்கி இரண்டு கரையையும் வழித்துவிட்டுப் போனது. நாவல், மரப்பெரணி, பெயர் தெரியாத நாலைந்து சோலை மரங்கள், எல்லாம் போச்சு. அடுத்த மழைக்குக் கரை சரிந்து, வாரிய இடத்தில் மறுபடி மண் நிரம்பியது. இப்போது திரும்பவும் தூர்வார வேண்டும் என்கிறார்கள். யாருக்கு லாபம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தண்ணீருக்குள் என்ன நடந்தது என்பதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முன்பு அந்த ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால், அடியில் மணல் துகள்களை ஒட்டிச் சின்னக் குழாய் செய்து அதற்குள் ஒரு புழு குடியிருக்கும். பக்கத்துக் கல்லில் தட்டான் குஞ்சு. நிழலான மலை ஓடையில் பாசி அதிகம் வளராது. அங்கே சாப்பாடு மேலிருந்து விழுகிற இலைதான். இலை ஊறி மட்கும், அதைப் பூச்சி தின்னும், பூச்சியை மீனும் நண்டும் தின்னும். மரம் போனால் இலை போச்சு. வெயில் நேராக விழுந்து தண்ணீர் சூடேறுகிறது, சூடேறிய தண்ணீரில் பிராணவாயு குறைகிறது. கரை மண் கரைந்து வந்து கல்லிடுக்கை மூடிவிடுகிறது. இப்போது கல்லைப் புரட்டினால் சேறுதான் வருகிறது.

அந்த நண்டை நம்பி நீர்நாய் இருக்கிறது. "நம்மூரில் நீர்நாயா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். இருக்கிறது. மேல்மலை ஓடைகளில் சின்ன நகம் கொண்ட சிறிய வகை, கீழே மாயாறில் உடம்பு பெரிய இன்னொரு வகை. அந்தச் சிறிய வகை பெரும்பாலும் இருட்டில் நடமாடுவதால் கண்ணில் படாது. ஓடை நடுவே துருத்திய பாறையில் அதன் எச்சத்தைப் பார்க்கலாம், நண்டு ஓட்டுத் துணுக்குகள் நிறைந்து நொறுங்கிக் கிடக்கும். பகலில் அது படுத்துக்கொள்வது கரையோர மரங்களின் வேர்ப் பொந்துகளிலும் பாறை இடுக்குகளிலும். கரையை வழித்துச் சிமென்ட் சுவர் எழுப்பினால் அது எங்கே போய்ப் படுக்கும்?

கூடலூர்ப் பக்கம் போனால் வேறு கதை. அங்கே பறக்கும் தவளை மழைக்காலத்தில் தண்ணீருக்கு மேல் நீண்ட கிளையில் நுரைக்கூடு கட்டி முட்டையிடும். பொரிந்த தலைப்பிரட்டை நேராகக் கீழே தண்ணீரில் விழ வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஓடையை விட்டு வைத்து, மேலே நீண்ட கிளையை மட்டும் கழித்தாலே அந்த வருஷக் குஞ்சுகள் கிடையாது. மலை அணிலுக்கும் அப்படித்தான். கிளைக்குக் கிளை தாவிப் போகிற பிராணி, நடுவில் நாலு மரம் இல்லையென்றால் தரையில் இறங்கியாக வேண்டும். தரையில் நாய் காத்திருக்கும்.

இதையெல்லாம் விட எனக்கு வயிற்றெரிச்சல் சீகூர்ப் பக்கத்து நீர்மருதுதான். மசினகுடி தாண்டி சிறியூர், ஆனைக்கட்டி என்று கீழே இறங்கினால் மலை வறண்ட முள்காடாகிவிடும். அந்தக் காய்ந்த காட்டுக்குள் ஓடை போகிற வழி மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில் வெளிர்ந்த, வழவழப்பான பட்டையோடு உயர்ந்து நிற்பவைதான் நீர்மருது மரங்கள். வெண்முதுகுப் பாறு கழுகுகள் பெரும்பாலும் அவற்றின் உச்சிக் கிளைகளில்தான் கூடு வைக்கின்றன. இந்தியாவில் 1990களிலிருந்து இந்த இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துவிட்டது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்துதான் காரணம். செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. கால்நடைக்கு அந்த மருந்தை 2006இல் தடை செய்தார்கள். தென்னிந்தியாவில் எஞ்சியவற்றுக்கு மாயாறு பள்ளத்தாக்குதான் முக்கியமான புகலிடம்.

வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை போடுகிற பறவை அது. ஐப்பசி, கார்த்திகையில் கூடு கட்டத் தொடங்கினால் குஞ்சு பறக்கப் பங்குனி, சித்திரை ஆகிவிடும். மரம் வெட்டுகிறவர்களுக்கும் தோதான காலம் அதே பனியும் வெயிலும்தான். மழைக்காலத்தில் யார் காட்டுக்குள் வண்டி கொண்டு போவார்கள்? கூடு இருக்கிற மரத்தை வெட்டாமல் பக்கத்து மரத்தை வெட்டினாலும், ஆள் நடமாட்டமும் ரம்பச் சத்தமும் தாங்காமல் தாய்ப்பறவை கூட்டை விட்டுவிடலாம். இதில் இன்னொரு தொல்லை, மருதம்பட்டை இதயத்துக்கு நல்லது என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கிற பொருள். அளவாக எடுத்தால் மரம் தாங்கும். சுற்றிலும் உரித்துவிட்டால் நின்ற இடத்திலேயே பட்டுப்போகும். வெட்டியதாகக் கணக்கிலும் வராது.

"ஒன்றுக்குப் பத்து கன்று நடுகிறோம்" என்பார்கள். நடுங்கள், சந்தோஷம். கன்று நடுகிற போட்டோவில் பத்துப் பேர் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நானும் லைக் போட்டிருக்கிறேன். பாறு கழுகு உட்காருகிற உயரத்துக்கு அந்தக் கன்று வளர எத்தனை பத்தாண்டுகள் ஆகும்? அதுவரை கழுகு எங்கே காத்திருக்கும்? அப்புறம், வெட்டிய இடம் சும்மா கிடப்பதில்லை. வெயில் பட்டதும் லாண்டனா என்கிற உண்ணிச்செடி ஏறிவிடும், கன்று அதற்கடியில் மூச்சுத் திணறும்.

சரி, சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் ஓடையை உறிஞ்சுகின்றனவே, அவற்றை எடுக்க வேண்டாமா என்று கமெண்டில் வருவீர்கள். எடுக்கத்தான் வேண்டும். அந்நியத் தாவரங்களை அகற்ற 2022இல் தமிழக அரசு தனிக் கொள்கையே அறிவித்தது. ஆனால் ஓடைக்கரையில் மட்டும் ஒரே மூச்சில், இயந்திரம் விட்டு வழிக்கக் கூடாது. சின்னச் சீகைகளைக் கையால் பிடுங்கி, பெரியவற்றைப் பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் சோலைக் கன்று வேர்பிடித்த பிறகு அடுத்த பகுதிக்குப் போகலாம். மெதுவான வேலை, பில் போட வசதியில்லாத வேலை. அதனால்தான் நடப்பதில்லை என்பது என் சந்தேகம்.

சட்டம் இல்லாமல் இல்லை. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955ஆம் வருஷத்தது. மரம் வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும், பட்டா நிலமானாலும். என் குறை எளிதானது: பேச்செல்லாம் அந்த ஒரு மரத்தைப் பற்றியே முடிந்துவிடுகிறது. ஓடையின் வரிசையில் ஏற்கெனவே எத்தனை போயின, இதுவும் போனால் எவ்வளவு தூரம் வெட்டவெளியாகும் என்று பார்ப்பதாகத் தெரியவில்லை. உயிருக்கு ஆபத்து என்று நிரூபித்தாலொழிய, ஓடையின் இருபுறமும் இத்தனை மீட்டருக்குள் கோடரி வைக்கக்கூடாது என்று ஒரு வரி போதும். எத்தனை மீட்டர் என்பதை ஓடைக்கு ஓடை வனத்துறையும் ஊராட்சியும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். பச்சைத் தேயிலை போடுகிற எங்களுக்கும் இரண்டு வரிசைச் செடி நட்டம் வரும், தெரிந்துதான் சொல்கிறேன்.

அதுவரைக்கும், உங்கள் ஓடையில் பொக்லைன் இறங்கினால் வேலை பார்க்கிறவரிடம் சண்டை வேண்டாம், அவர் கூலிக்கு வந்தவர். அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்த சர்வே எண், எத்தனை மரம் என்று பார்த்துவிட்டு வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள்.