சர்ச்சில் ஆளுங்கட்சிக்குத் தாவவில்லை

"சர்ச்சில் அமைச்சர் பதவிக்காக ஆளுங்கட்சிக்குத் தாவினார், அங்கே தோற்றதும் மறுநாளே பழைய கட்சிக்கு ஓடி வந்தார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடந்தது வேறு. 1904 மே 31 அன்று அவர் விட்டுவந்ததுதான் ஆளுங்கட்சி! பிரிட்டனில் அப்போது பிரதமர் பால்ஃபோர் தலைமையில் கன்சர்வேடிவ்கள் ஆட்சியில் இருந்தார்கள். இவர் எதிர்வரிசைக்குப் போய் லிபரல் கட்சியின் லாயிட் ஜார்ஜ் பக்கத்தில் உட்கார்ந்தார். இறக்குமதிக்கு வரி போட வேண்டும் என்று ஆளுந்தரப்பின் ஜோசப் சேம்பர்லின் கிளப்பிய விவகாரம்தான் சண்டைக்குக் காரணம், கட்சி மாறுவதற்கு இரண்டு மாதம் முன்பே இவர் பேச எழுந்தபோது சொந்தக் கட்சிக்காரர்களே கூட்டமாக வெளிநடப்பு செய்திருந்தார்கள். லிபரல்கள் ஆட்சிக்கு வந்தது 1905 டிசம்பரில், அப்போதும் கிடைத்தது குடியேற்ற நாடுகள் துறையில் துணை அமைச்சர் பதவி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்தான், அதை நான் மறுக்கவில்லை.

அப்புறம் அந்த "மறுநாளே". 1922இல் டண்டீயில் தோல்வி, 1923இல் லெஸ்டர் மேற்கில் லிபரலாக நின்று தோல்வி, 1924 மார்ச்சில் வெஸ்ட்மின்ஸ்டர் அபே இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்று, அதுவும் கன்சர்வேடிவ் வேட்பாளரையே எதிர்த்து, வெறும் 43 ஓட்டில் தோல்வி. அந்த அக்டோபரில் எப்பிங்கில் ஜெயித்தபோதுகூட 'கான்ஸ்டிடியூஷனலிஸ்ட்' (அரசியலமைப்புவாதி) என்ற பெயரில்தான் நின்றார், கன்சர்வேடிவ் ஆதரவோடு. கன்சர்வேடிவ் பிரதமர் பால்ட்வின் அவரை நிதியமைச்சர் ஆக்கிய பிறகுதான் முறைப்படி கட்சியில் சேர்ந்தார்.