கட்டிக் கசக்கிய சேலைக்கு ரிட்டர்ன் கேட்கிறீர்களே, மனசாட்சி வேண்டாமா?

போன திங்கட்கிழமை ரிட்டர்ன் பார்சல் ஒன்று வந்தது. பிரித்ததுமே பன்னீர் வாசம். வாடாமல்லி நிறத்தில் சாஃப்ட் சில்க், 1,450 ரூபாய். நானே மடித்து, டேக் கட்டி, அட்டை வைத்து அனுப்பிய சேலைதான். இப்போது தோள் பக்கம் பின் குத்திய ஓட்டைகள். முந்தானையில் காய்ந்துபோன மஞ்சள் கறை. கீழ் ஓரத்தில் ஃபால்ஸ் தைத்துப் பிரித்திருக்கிறார்கள், நூல் இன்னும் தொங்குகிறது. டேக்கை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். திருப்பி அனுப்பியதற்குச் சொன்ன காரணம், "தரம் சரியில்லை".

தரம் சரியில்லாத சேலைக்கு எதற்கம்மா ஃபால்ஸ் தைத்தீர்கள்? விசேஷத்துக்குக் கட்டி, போட்டோவெல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் தரம் தெரிந்ததா? இது திருட்டு. கடைக்குள் புகுந்து எடுத்தால்தான் திருட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நாங்கள் சேலம் பக்கத்தில் இருக்கிற இளம்பிள்ளையிலிருந்து சேலை எடுத்து ஆன்லைனில் விற்கிறோம். இந்தச் சேலையில் எனக்கு நிற்பது 150 ரூபாய். அப்படியென்றால் இந்த ஒரு ரிட்டர்னை ஈடுகட்ட ஒன்பது, பத்துச் சேலை விற்றாக வேண்டும். தறிக்காரரிடம் திருப்பிக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. அவர் நெய்ததில் ஒரு இழை குறை இல்லை.

விற்பனைத் தளத்தில் இரண்டு முறை புகார் போட்டேன். பேக் செய்த வீடியோ, பிரித்த வீடியோ, கறை தெரிகிற படம் எல்லாம் கொடுத்தேன். "ஆதாரம் போதவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வாங்கியவரிடம் ஒரு படம் கூடக் கேட்கவில்லை. அவருக்குப் பணம் போய்விட்டது. எனக்கு வரவேண்டிய தொகையில் அதைக் கழித்துக்கொண்டு, ரிட்டர்ன் கூரியர் செலவையும் என் தலையிலேயே கட்டினார்கள். வாங்குகிறவர் ஏமாந்தால் கூப்பிட 1915 என்ற உதவி எண் இருக்கிறது, நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இருக்கட்டும், வேண்டியதுதான். ஏமாந்தது விற்கிறவள் என்றால் எந்தக் கதவைத் தட்டுவது?

சரி, தளமே வேண்டாம், வாட்ஸ்அப்பில் நேரடியாக விற்கலாம் என்றால் அங்கே இன்னொரு கூட்டம். "சிஸ், ரெண்டு சேலை வேணும், இன்னைக்கே கூரியர் போட்ருங்க, ஊருக்குக் கிளம்புறோம்" என்று அவசரப்படுத்துவார்கள். அடுத்த நிமிடம் பச்சை டிக்கோடு ஸ்கிரீன்ஷாட் வரும். பணம் ஏறவில்லையே என்றால், "சர்வர் பிரச்சனை சிஸ், அரை மணி நேரத்துல ஏறிடும்". நானும் ஒரு முறை நம்பி அனுப்பினேன். 2,900 ரூபாய். அப்புறம்தான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யுபிஐ பரிமாற்ற எண் 12 இலக்கம் இருக்க வேண்டும், அதில் 11தான் இருந்தது. இப்படிப் போலியாகக் காட்டுவதற்கென்றே ஆப் வைத்திருக்கிறார்கள்.

விற்கிற தோழிகளே, வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துப் பணம் ஏறியிருந்தால் மட்டும் பார்சலைக் கட்டுங்கள். உண்மையிலேயே அவர்கள் கணக்கில் பிடித்து நமக்கு ஏறாமல் போயிருந்தால், அடுத்த நாளுக்குள் வங்கி அதைத் திருப்பிப் போட்டாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019-லேயே போட்ட விதி. அதனால் காத்திருங்கள் என்று சொல்வதில் தப்பே இல்லை. கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

இன்னொன்று. "கை தவறி 14,500 அனுப்பிட்டேன், மீதிய திருப்பிப் போடுங்க" என்று அழுவார்கள். கூடவே வங்கியிலிருந்து வந்த மாதிரி ஒரு குறுஞ்செய்தியும் வரும். யாரோ ஒருவரின் செல்போன் எண்ணிலிருந்து வந்திருக்கும், வங்கியின் பெயர் இருக்காது. திருப்பி அனுப்பினால் போவது நம் சொந்தப் பணம். க்யூஆர் அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் போட்டா உங்களுக்குப் பணம் வரும்" என்பவனும் இதே ரகம்தான். பணம் வாங்க பின் எண் எதற்கு? ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். நான் இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. பணம் நிஜமாகவே வந்தது, சேலையும் போனது. மூன்று வாரம் கழித்து அவர் கணக்கை முடக்கிவிட்டார்கள். வாங்கியவன் அனுப்பியது வேறு யாரிடமோ மோசடி செய்த பணமாம். நேர்மையாக விற்ற மனுஷி, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டப் பணம் எடுக்க முடியாமல் வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் அலைந்தார்.

இந்த வாடாமல்லிச் சேலையை அயர்ன் பண்ணி வேறு யாருக்காவது புதுசு என்று அனுப்பிவிடு என்கிறார்கள் வீட்டில். மாட்டேன். பிரித்துப் பார்க்கிற பெண்ணுக்கு அந்த ஓட்டை தெரியாதா? இரண்டு புகாரைத் தள்ளிவிட்டார்கள். நாளைக்கு மூன்றாவது எழுதப் போகிறேன், தொங்குகிற ஃபால்ஸ் நூலைக் கிட்டத்தில் படம் எடுத்து வைத்து.