தலையில் அடிபட்ட பெண்ணிடம் யாரும் கேட்காத கேள்விகள்

தலைக்காயத்துக்குப் பிந்தைய மறுவாழ்வு சிகிச்சையில் ஆண், பெண் வித்தியாசம் பார்க்கணுமா என்று கேட்டால், "மூளை எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்பார்கள். இந்தப் பதிலால் பெண்கள் நிறையவே இழக்கிறார்கள். ஆண்களுக்கும் நஷ்டம் உண்டு.

அளவுகோலிலேயே கோளாறு இருக்கிறது. நோயாளி அன்றாட வேலைகளை எவ்வளவு தூரம் தானே செய்கிறார் என்று அளக்க, பல நாடுகளில் பயன்பட்டுவரும் எஃப்.ஐ.எம். அளவீட்டில் 18 அம்சங்கள், மொத்தம் 126 மதிப்பெண். சாப்பிடுவது, குளிப்பது, படியேறுவது, பேசுவது, நினைவு எல்லாம் உண்டு. சமைப்பதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் கிடையாது. 120 வாங்கிய பெண்ணை "தன் வேலையைத் தானே செய்துகொள்வார்" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்குப் போன மறுநாளே அடுப்படி அவர் தலையில்.

மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டவரிடம் காய் நறுக்கச் சொன்னால் சரியாக நறுக்குவார். அடுப்பில் பாத்திரம் இருக்கும்போது போன் அடித்தால்தான் சிக்கல். பேசி முடித்ததும் விட்ட இடத்துக்குத் திரும்ப வரத் தெரியாது, பாத்திரம் தீய்ந்துபோகும். பயிற்சி அறையில் மேசைமேல் கட்டை அடுக்கவைத்தால் இது பிடிபடாது. டிஸ்சார்ஜுக்கு முன்பே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பயிற்சி தருபவர்) அவரைச் சமைக்கவிட்டு, வேண்டுமென்றே குறுக்கிட்டுப் பார்க்கணும். வீட்டில் ஒரு நேரத்தில் ஒரே அடுப்பு. பற்றவைத்ததும் டைமர். அந்த டைமர் சமையல் மேடையில் இருக்கக் கூடாது, அவர் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகணும்.

அடுத்தது ஹார்மோன். அடிபட்டபின் சில மாதங்கள் மாதவிடாய் தள்ளிப்போவது சகஜம். திரும்ப வரவே இல்லை என்றால், மூளையின் அடியில் இருந்து மற்ற ஹார்மோன் சுரப்பிகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பியைச் சந்தேகிக்கணும். ஆணுக்கு இப்படி வெளியே தெரியும் அறிகுறி இல்லை. டெஸ்டோஸ்டிரோன் குறைந்து, ஃபிசியோதெரபி செய்தும் தசை ஏறாமல் சோர்ந்து கிடப்பவருக்கு "டிப்ரஷன்" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். காலை 8 மணி வாக்கில் ரத்தம் எடுத்து, பிட்யூட்டரியின் வேலையைக் காட்டும் ஹார்மோன்களான கார்ட்டிசால், டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், ஐ.ஜி.எஃப்.-1 பார்க்கணும். கூடவே ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன், பெண்ணுக்கு எஸ்ட்ராடையால். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், பிட்யூட்டரி கெட்டிருந்தாலும் அது நார்மலாகக் காட்டலாம். கார்ட்டிசாலும் தைராய்டும் சேர்ந்து குறைந்திருந்தால் கார்ட்டிசாலைத்தான் முதலில் சரிசெய்யணும். வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து.

(பெண் ஹார்மோன் மூளையைக் காக்கும் என்று தலைக்காயத்துக்குப் புரோஜெஸ்டிரோன் ஊசியைப் பரிந்துரைத்தவர்கள் உண்டு. 2014-இல் முடிவு வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளிலும் அதனால் பலன் இல்லை.)

தலைக்காயத்துக்குப் பிறகு கொடுக்கும் வலிப்பு மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. வால்ப்ரோயேட் கருவிலிருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். ஃபெனிட்டாயினும் கார்பமாசெபைனும் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். இளம்பெண்ணின் கையில் சீட்டைக் கொடுக்கும்போது இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? ஆனால் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு திரும்ப வந்துவிடும். டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.

லேசான காயத்துக்குப் பிறகு தலைவலியும் தலைசுற்றலும் பெண்களுக்குச் சராசரியாக அதிக நாள் நீடிப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அதை "டென்ஷன்" என்று தள்ளிவிடுகிறார்கள்.

கடைசியாக, அடி எப்படிப் பட்டது என்ற கேள்வி. "வழுக்கி விழுந்தாள்" என்று கணவர் பதில் சொல்வார், நினைவு தடுமாறும் மனைவி தலையாட்டுவார். கணவரை வெளியே உட்காரவைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள். கழுத்தை நெரித்தது உண்டா என்றும் சேர்த்துக் கேளுங்கள். நெரித்திருந்தால் மூளைக்கு ஆக்ஸிஜன் போகாமலும் சேதம் ஆகியிருக்கலாம், கழுத்து ரத்தக்குழாய் கிழிந்திருந்தால் பக்கவாதம் பிறகும் வரலாம். கழுத்தில் தழும்பு இல்லை என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.