மருந்துவாழ் மலையில் பாறைப் பனியாறு கிடையாது

பாறைப் பனியாறு, அதாவது உள்ளே பனியை வைத்துக்கொண்டு மலைச்சரிவில் மெல்ல நகரும் கற்குவியல், பற்றிய கட்டுரைக்குக் கீழே ஒருவர், கன்னியாகுமரிப் பக்கத்து மருந்துவாழ் மலையில் கிடக்கும் கற்களும் அது மாதிரிதானா என்று கேட்டிருக்கிறார். இல்லைங்க. அனுமன் தூக்கி வந்த சஞ்சீவி மலையின் துண்டு என்ற கதை இருந்தாலும், அதோடு பனி வரவில்லை! நம்மூர்ப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து உருண்டவை. பாறைப் பனியாற்றுக்கு, ஆண்டு முழுக்க உருகாத உறைபனி கல்லிடுக்கில் இருக்க வேண்டும்.

கட்டுரையாளர் பாறைப் பனியாற்றின் மேல் தெரியும் வரிவரியான மேடுகளை மழைநீர் அரித்த தடம் என்கிறார். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. கருப்பட்டிப் பாகைத் தட்டில் ஊற்றும்போது பாருங்கள்: முன்னால் போனது தயங்கும், பின்னால் வருவது தள்ளும், மேலே மடிப்பு மடிப்பாக விழும். அதேதான். உள்ளே இருக்கும் பனி தன் எடையிலேயே மெல்ல இளகி நகர்கிறது, பெரும்பாலும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் முதல் ஒன்றிரண்டு மீட்டர் வரை.

லடாக் போனபோது ஒரு பாறைப் பனியாற்றைப் பார்த்து நானும் சாதாரணக் கற்சரிவு என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போனால் கல்லுக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம். அடிவாரத்தில் கசிந்ததில் கையை வைத்தேன், விரல் மரத்துவிட்டது. மேலே ஒரு பொட்டுப் பனி கூட இல்லை.