டிக்கியில் கிடக்கும் செயின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது

பனிக்காலத்தில் மலைக்கு வண்டி எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களிடம் "டயர் செயின் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பனியில் வழுக்காமல் இருக்க டயர்மேல் சுற்றி மாட்டுகிற இரும்புச் சங்கிலியைத்தான் சொல்கிறேன். "இருக்கு, டிக்கியில கிடக்கு" என்று பட்டென்று பதில் வரும். அதைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நானும் அதே பதிலைச் சொல்லிவிட்டுத்தான் போன வருடம் மலையேறினேன். பெட்டியின் ஸ்டிக்கரைக்கூடக் கிழித்திருக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரம். மூன்றாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் முன்சக்கரங்கள் வெறுமனே சுற்ற ஆரம்பித்தன. சரி, நிறுத்திவிட்டு செயின் போடலாம் என்று பிரேக்கை மிதித்தேன், ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தேன். வண்டி நின்றது. இரண்டு நொடி கழித்து, நான்கு சக்கரமும் பூட்டிக் கிடக்க, ஒரு சத்தமும் இல்லாமல் பின்னால் வழுக்க ஆரம்பித்தது. பின் சீட்டில் பிள்ளைகள். நல்லவேளை, மலைப்பக்கமாக ஒதுங்கி, ஓரத்தில் குவித்திருந்த பனியில் முட்டி நின்றது. மறுபக்கம் பள்ளம்.

அதற்குப் பிறகுதான் பெட்டியைப் பிரித்தேன். செல்போன் வெளிச்சத்தில், செய்முறைத் தாள் ஈரத்தில் ஒட்டிக்கொள்ள, கம்பளிக் கையுறை ஊறி விரல் மரத்துப்போக, எது உள்பக்கம் எது வெளிப்பக்கம் என்றே தெரியவில்லை. முக்கால் மணி நேரத்தில் ஒரு சக்கரம்கூட முடியவில்லை. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் இறங்கி வந்து இரண்டையும் மாட்டிவிட்டார். அவர் லாரியில் அடிவாரத்திலேயே செயின் போட்டாயிற்று. ஏறுவதற்காக மட்டும் இல்லை, இறங்கும்போது நிற்க வேண்டுமே, அதற்குத்தான் போடுகிறேன் என்றார். அவருக்கு நான் வாழ்நாள் கடன்பட்டிருக்கிறேன்.

அதனால் அழுத்திச் சொல்கிறேன். வழுக்கின பிறகு செயின் போடலாம் என்று நினைக்காதீர்கள். ஏற்றம் தொடங்கும் முன்பே, சமதரையில், அகலமான இடத்தில் ஒதுக்கிப் போடுங்கள். சரிவில் சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும்போது உங்கள் வண்டி நகரலாம். பின்னால் வருகிறவருக்கும் அதே பனிதான், அவர் வண்டி நேராக உங்கள்மேல் வரலாம்.

"என்னுது ஃபோர் வீல் டிரைவ், செயின் எதுக்கு?" என்று கேட்கிறவர்கள் நிறைய. ஃபோர் வீல் டிரைவ், அதாவது நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகிற அமைப்பு, வண்டியை நகர்த்த உதவும். நிறுத்த உதவாது. பிரேக் எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. பிடிமானம் டயருக்கும் தரைக்கும் நடுவில் உள்ள விஷயம், அங்கே கியர்பாக்ஸுக்கு வேலை இல்லை. ஜெர்மனியில் சங்கிலி கட்டிய டயர் படம் போட்ட நீல நிற வட்டப் பலகை வைத்திருந்தால், ஃபோர் வீல் டிரைவும் செயின் போட்டுத்தான் போக வேண்டும். கலிஃபோர்னியா மலைச்சாலைகளில் செயின் கட்டுப்பாட்டுக்கு ஆர்1, ஆர்2, ஆர்3 என்று மூன்று நிலை. ஆர்2 வரை பனி டயர் போட்ட ஃபோர் வீல் டிரைவுக்குச் சலுகை உண்டு. அப்போதும் செயின் வண்டியில் இருந்தாக வேண்டும். ஆர்3 என்றால் யாருக்கும் விலக்கில்லை.

இன்னொன்று. கடும் குளிரை விட பூஜ்யம் டிகிரியை ஒட்டிய நேரம்தான் அதிகம் வழுக்கும். பனிக்கட்டியின் மேல் மெல்லிசாகத் தண்ணீர் படர்ந்துவிடுகிறது. மதியம் லேசாக உருகி, சாயங்காலம் மறுபடி இறுகுகிற சாலை அப்படிப்பட்டது. நான் மாட்டிக்கொண்டதும் அதில்தான்.

செயின் இன்று நேற்று வந்த பொருள் இல்லை. ஹாரி வீட் என்ற அமெரிக்கர் 1904-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். சேற்றில் சிக்காமல் இருக்க டயரில் கயிறும் கொடியும் சுற்றிக்கொண்டு போனவர்களைப் பார்த்து வந்த யோசனை என்று சொல்வார்கள். இரும்பு, பனிக்குள் கடித்துப் பிடிக்கிறது. இன்றைக்கும் அவ்வளவுதான் சூட்சுமம்.

போடும் முறையில் பலர் தவறுவது உள்பக்கத்தில். முதலில் தரையில் விரித்துச் சிக்கெடுங்கள். வளையக் கம்பியைச் சக்கரத்துக்குப் பின்னால் நுழைத்து மேலே கொண்டுவந்து கொக்கியை மாட்டுங்கள். பின்பக்கம் முறுக்கில்லை என்று கையால் தடவிப் பார்த்த பிறகுதான் முன்பக்கத்தை மாட்டி இழுக்க வேண்டும். நூறு மீட்டர் போனதும் இறங்கி மறுபடி இறுக்குங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும். தளர்ந்த செயின் அறுந்தால் பிரேக் குழாயையே பதம் பார்த்துவிடும். முன்சக்கரம் இழுக்கிற வண்டிக்கு முன்னால், பின்சக்கரம் இழுக்கிற வண்டிக்குப் பின்னால். ஃபோர் வீல் டிரைவுக்கு வண்டியின் கையேடு சொல்வதைக் கேளுங்கள். முன்னால் மட்டும் போட்டிருந்தால் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். பாரம் முன்னால் சாய்ந்து, லேசான பின்பக்கம் சுழன்று வரும். சின்ன கியரில் மெதுவாக இறங்குங்கள். வேகம் 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, உங்கள் செயினுக்கு அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. பனி இல்லாத தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிடுங்கள்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் இருக்கும் அளவைப் பார்த்து வாங்குங்கள். சில கார்களில் சக்கரத்துக்கும் உடம்புக்கும் இடைவெளி குறைவு, தடித்த செயின் உரசும்.

இந்த வருடம் கிளம்பும் முன்பே, வெயிலில், காய்ந்த தரையில், நானும் மனைவியும் போட்டுப் பழகினோம். முதல் தடவை நாற்பது நிமிடம். மூன்றாவது தடவை பன்னிரண்டு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொக்கியைத் தடவி மாட்டிப் பார்த்தோம், இருட்டில் அப்படித்தானே செய்யப் போகிறோம். ரப்பர் கையுறை, தலையில் மாட்டும் விளக்கு, மண்டியிட ஒரு பாய், மூன்றும் செயினோடு ஒரே பையில். போன வருடம் செயினை எடுக்க, பனியில் நாலு பெட்டியை இறக்கி வைக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை எல்லாப் பெட்டியும் ஏற்றி முடித்த பிறகு, அந்தப் பையைக் கடைசியாக மேலே வைத்து டிக்கியை மூடினோம்.