விருந்துக்குக் காத்திருந்து இழந்த வேளைகள்

சின்னச் சின்ன இன்பங்களைப் பற்றி யாராவது பேசத் தொடங்கினால், பெரியவை கைக்கு எட்டாதவர்கள் தம்மைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் பேச்சு அது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். வேலையில் ஓர் உயர்வு, சொந்தமாக ஒரு வீடு, என்றோ ஒருநாள் போகவிருக்கும் நெடும்பயணம் ஆகியவையே மகிழ்ச்சி என்று சொல்லத்தக்கவை. காலைத் தேநீரும் நண்பனோடு உண்ணும் ஒரு வேளை உணவும் அவற்றுக்கு இடைப்பட்ட காலத்தை நிரப்புபவை என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு தவறு என்று இன்று உறுதியாகச் சொல்வேன். எளியவற்றை அனுபவிப்பது ஒரு திறன். பழகாமல் விட்டால் அது நம்மை விட்டுப் போய்விடும். போகாமல் காப்பது, நான் கண்டவரையில், நம் எதிரே அமர்ந்து உண்ணும் இன்னொரு மனிதர்தான்.

இந்தத் திறன் தேய்ந்துபோகும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும். 1978ஆம் ஆண்டில் பிலிப் பிரிக்மன் என்ற உளவியலாளரும் அவருடைய உடனாய்வாளர்கள் இருவரும், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரை, அவர்களுக்கு அருகில் வாழ்ந்த 22 சாதாரண மனிதர்களோடு ஒப்பிட்டார்கள். காலை உணவு உண்பது, நண்பருடன் பேசுவது, நகைச்சுவை ஒன்றைக் கேட்பது, பாராட்டுப் பெறுவது போன்ற அன்றாட நிகழ்வுகள் எவ்வளவு இன்பம் தருகின்றன என்று கேட்டபோது, பரிசு வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். வாழ்வில் ஒரு பெரிய உச்சத்தைத் தொட்ட பிறகு, எல்லாவற்றையும் அந்த உச்சத்தோடு ஒப்பிட மனம் பழகிவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். இது மிகச் சிறிய ஆய்வு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 2020இல் வெளியான, ஸ்வீடன் நாட்டு லாட்டரி வெற்றியாளர்களைப் பற்றிய மிகப் பெரிய ஆய்வு, பெருந்தொகை வென்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பல ஆண்டுகள் கழித்தும் கூடியே இருந்ததாகக் காட்டியது. ஆகவே பணத்தால் பயனில்லை என்ற முடிவுக்கு நான் வரவில்லை. வயிறு காய்பவரிடம் எளிமையின் இன்பத்தைப் போதிப்பது கொடுமை என்றே கருதுகிறேன். என் கவலை, எல்லாம் போதுமான அளவு இருந்தும் காலை உணவின் சுவை தெரியாமல் வாழ்பவர்களைப் பற்றியது. அவர்களுள் ஒருவனாக நானும் பல ஆண்டுகள் இருந்தேன்.

சுவை என்று நாம் சொல்வதில் நாக்கின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, தக்காளி, காளான் போன்றவற்றில் உள்ள உமாமி என்ற சுவை ஆகியவற்றை நாக்கு அறியும். மற்ற நுட்பங்கள் எல்லாம், மெல்லும்போது வாயின் பின்புறத்திலிருந்து மூக்குக்குள் ஏறும் மணத்தால் உணரப்படுபவை. சளி பிடித்த நாட்களில் உணவு சப்பென்று இருப்பதற்கு அதுவே காரணம். ஒரு கவளத்தை மென்று, மூச்சு விட்டு, அதன் மணம் ஏற இடம் கொடுத்தால்தான் அதை உண்டவர்கள் ஆவோம். கையில் கைபேசியுடன் ஏழு நிமிடத்தில் விழுங்கி எழுகிறவருக்கு வயிறு நிறையும். உண்டது நினைவில் நிற்காது. இந்த இடத்தில் நம் மொழியின் ஒரு சொல்லை எண்ணி வியக்கிறேன். ‘நுகர்தல்’ என்றால் முகர்தல் என்றும் பொருள், அனுபவித்தல் என்றும் பொருள். மணத்தையும் இன்பத்தையும் ஒரே வினையால் சொன்ன மொழி இது. இன்றோ அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது கடையில் பொருள் வாங்கும் நுகர்வோர். வாங்கிய பிறகு அந்தப் பொருளை அவர் அனுபவித்தாரா என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் இப்போது இல்லை.

எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழகிய ஒரு நண்பன் இருக்கிறான். ஒரே நகரத்தில் வாழ்ந்தும், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நாங்கள் சேர்ந்து உண்ணவில்லை. எங்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் இருக்கவில்லை. அவனை அழைப்பது என்றால் முறையாக அழைக்க வேண்டும், வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும், நான்கைந்து வகை சமைக்க வேண்டும், அதற்கு ஒரு முழு ஓய்வுநாள் வேண்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். அவனும் அதேபோல் ஒரு நல்ல நாளுக்காகத் தள்ளிப்போட்டிருக்கிறான். விருந்து என்ற பெரிய எண்ணம், ஒரு வேளைச் சாப்பாடு என்ற சிறிய எண்ணத்தை எங்கள் இருவரிடமும் விழுங்கிவிட்டது. எளிய இன்பங்களுக்குப் பகை வறுமையோ வேலைப்பளுவோ மட்டும் என்று நான் இனி நம்பமாட்டேன். எதையும் சிறப்பாகச் செய்தால்தான் செய்யலாம் என்ற பிடிவாதமும் அதே அளவு பெரிய பகை.

ஒருநாள் மாலை, முன்னறிவிப்பு ஏதுமின்றி அவன் வந்து கதவைத் தட்டினான். வீட்டில் இருந்தவை முந்தைய நாள் வைத்த காய்கறி சூப், பாதி ரொட்டி, இரண்டு ஆரஞ்சுப் பழங்கள். வெளியே போய் ஏதாவது வாங்கிவருகிறேன் என்றேன். “இருப்பதை எடுத்து வைடா, பசிக்கிறது” என்றான். சூப்பைச் சுடவைத்து இரண்டு கிண்ணங்களில் ஊற்றினேன். ஆரஞ்சுப் பழத்தை அவன் உரித்தபோது அந்தத் தோலின் மணம் மேசை முழுவதும் பரவியது இன்றும் என் நினைவில் இருக்கிறது. பாதிச் சாப்பாட்டில், குரலை உயர்த்தாமலும் தாழ்த்தாமலும், எட்டு மாதங்களாகத் தனக்கு வேலை இல்லை என்று சொன்னான். இந்த எட்டு மாதங்களில் நாங்கள் எத்தனையோ குறுஞ்செய்திகளைப் பரிமாறியிருந்தோம். பண்டிகை வாழ்த்துகளும் சிரிக்கும் முகங்களும் அவற்றில் இருந்தன. இந்தச் செய்தி அவற்றில் இல்லை. கை வேலையாகவும் கண் தட்டின் மீதாகவும் இருக்கும்போதுதான் சில சொற்களுக்கு வாயிலிருந்து வெளியே வரத் துணிவு பிறக்கிறது போலும். எழுந்தபோது மூன்று மணி நேரம் கடந்திருந்தது.

துணையோடு உண்பது சுவையைக் கூட்டுகிறது என்பது என் நெகிழ்ச்சியின் கற்பனை மட்டும் ஆகாது. 2014இல் எரிக்கா பூத்பி, மார்கரெட் கிளார்க், ஜான் பார்க் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகைச் சாக்லேட்டை இருவர் ஒரே நேரத்தில் சுவைத்தபோது, ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமலேயே, அதைக் கூடுதலாக விரும்பினார்கள். அருகிலிருப்பவர் வேறு வேலையில் இருந்தபோது அந்தக் கூடுதல் இல்லை. கசப்பு மிகுந்த சாக்லேட்டைச் சேர்ந்து சுவைத்தபோது அதன் மீதான வெறுப்பும் கூடியது என்பது அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பகிர்வு எதையும் இனிப்பாக்கிவிடுவதில்லை. இருப்பதைத் தீவிரமாக உணரச் செய்கிறது. ஒரே அறையில் இருந்துகொண்டு ஆளுக்கொரு திரையைப் பார்ப்பது ஏன் சேர்ந்து உண்பதாகாது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது.

எபிக்கூரஸ் என்ற கிரேக்கச் சிந்தனையாளரின் பெயரைச் சிலர் இன்றும் பெருந்தீனிக்கும் சுகபோகத்துக்கும் அடையாளமாகப் பயன்படுத்துகிறார்கள். அவருக்கு இழைக்கப்பட்ட பெரும் அநீதி அது. கி.மு. 341 முதல் 270 வரை வாழ்ந்த அவர், ஏதென்ஸில் ஒரு தோட்டத்தை வாங்கி அங்கே நண்பர்களோடு வாழ்ந்தார். அந்தக் காலத்திலேயே பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே இடம் இருந்தது. அவர்களுடைய அன்றாட உணவு பெரும்பாலும் ரொட்டியும் தண்ணீரும்தான். நினைத்தபோது விருந்துண்ண ஒரு சிறு பானைப் பாலாடைக்கட்டி அனுப்பிவை என்று நண்பர் ஒருவருக்கு அவர் எழுதியதாகக் குறிப்பு இருக்கிறது. எதை உண்பது என்று பார்ப்பதற்கு முன் யாரோடு உண்பது என்று பார்க்கவேண்டும் என்பதும் அவர் கருத்தே.

தனியே உண்பதைக் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. நாள் முழுவதும் மனிதர்களுக்கு நடுவே உழைத்தவருக்கு அமைதியான ஒரு தனிச் சாப்பாடு மருந்துபோல. நாம் தேர்ந்தெடுக்காமலேயே தனிமை நம் வழக்கமாகிப் போவதுதான் எனக்கு அச்சமூட்டுகிறது.

ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட கணிப்பின்படி, அறிமுகமான ஒருவர் நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கும் மேல் சேர்ந்து செலவிட வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் சேர்ந்து உண்டால் அது ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். புதிதாக ஒருவரைத் தேடிப் போகும் முன், ஏற்கெனவே அந்த நேரத்தைச் செலவிட்டு நாம் அடைந்த நட்புகள் எத்தனை கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். பல ஆண்டுகளாகப் பேசாமலிருந்த இன்னொரு தோழியை அழைக்கப் பலமுறை எண்ணி, தொந்தரவாக இருக்குமோ என்று விட்டுவிட்டிருந்தேன். இவ்வாறு வலியத் தொடர்புகொள்வதை மற்றவர்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதை நாம் குறைத்தே எடைபோடுகிறோம் என்று பெக்கி லியூவும் உடனாய்வாளர்களும் 2022இல் எழுதியதைப் படித்த அன்றே அவரை அழைத்தேன். முதல் பத்து நிமிடம் இருவருக்கும் சொற்கள் தடுமாறின. பிறகு, அவர் அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழியும்வரை பேசினோம்.

நண்பனுக்கு இப்போது வேறொரு வேலை கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை மாலைகளில் ஒரு வாரம் அவன் இங்கே வருகிறான், மறுவாரம் நான் அங்கே போகிறேன். ஒரு வகைக்கு மேல் சமைக்கக்கூடாது, அதற்காக வீட்டைத் துப்புரவு செய்யக்கூடாது என்று இருவரும் சேர்ந்து விதி வகுத்திருக்கிறோம். சென்ற வாரம் அவன் வைத்த சூப்பில் உப்பு மிகுந்துவிட்டது. ரொட்டியை அதில் தோய்த்துத் தோய்த்து, கிண்ணத்தின் அடிவரை உண்டோம்.