தையல் தெரிந்தால் ஊர்த்துணியெல்லாம் என் தலையிலா?

சேலையின் அடிக்கரையில் உள்பக்கமாக வைக்கிற ஃபால்ஸ் பட்டையைத் தைப்பது அஞ்சு நிமிஷ வேலை இல்லை. "அஞ்சு நிமிஷந்தான ஆகும், மெஷின்ல விட்டு ஒரு ஓட்டு ஓட்டிக் குடுத்திரு" என்று பட்டுச்சேலையைக் கையில் திணித்துவிட்டுப் போகிற அத்தனை பேருக்கும்தான் சொல்கிறேன். ஃபால்ஸ் துணியை முந்தின நாளே தண்ணீரில் நனைத்துக் காயப்போட வேண்டும். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே அது சுருங்கி, சேலைக்கரையையும் சேர்த்து இழுத்துக் கோணலாக்கிவிடும். காய்ந்த பிறகு இஸ்திரி போட வேண்டும். அப்புறம் கொசுவம் எங்கே வரும் என்று கணக்குப் பார்த்து, கரையோடு ஓரம் சேர்த்துக் குண்டூசி குத்திக்கொண்டே போக வேண்டும். ஒரு ஃபால்ஸ் இரண்டரை மீட்டருக்கு மேல் நீளம். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. நல்ல பட்டு என்றால் இரண்டுமே கைத்தையல்தான், மெஷினில் விட்டால் கரையில் ஊசித்தடம் வரிசையாகத் தெரியும். ஆக 5 மீட்டருக்கு மேல், ஒவ்வொரு குத்துக்கும் சேலையின் ஓரிரண்டு இழையை மட்டும் எடுத்து, முன்பக்கம் நூல் தெரியாமல் ஹெம்மிங் பண்ணிக்கொண்டே போக வேண்டும். கழுத்து வலிக்கும், கண் எரியும், ஒரு மத்தியானம் முழுசாகப் போய்விடும்.

நான் டெய்லர் இல்லை. வாரம் முழுக்க ஆபீஸ், பஸ், சமையல் என்று ஓடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் எனக்குப் பிடித்த துணியை வைத்துக்கொண்டு எனக்குப் பிடித்ததைத் தைக்கிறேன். அவ்வளவுதான். கடை போர்டு வைக்கவில்லை, பில் புக் இல்லை, "இங்கு ஜாக்கெட் தைத்துத் தரப்படும்" என்று கேட்டில் அட்டை தொங்கவிடவில்லை. ஆனால் மெஷின் சத்தம் தெருவுக்குக் கேட்டதோ இல்லையோ, எதிர்வீட்டு அக்கா, மாடிவீட்டு அம்மா, சித்தி, மதினி, மதினியோட தங்கச்சி என்று ஆளாளுக்கு ஒரு மஞ்சப்பையோடு வந்துவிடுகிறார்கள். ஒருவருக்குப் பேன்ட் ஜிப்பு போயிருக்கும். இன்னொருவருக்குத் தலையணை உறை. பிள்ளையின் யூனிஃபார்ம் பாவாடை இடுப்பு பத்தவில்லை. வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, "ஒண்ணும் அவசரமில்லத்தா, நாளைக்குக் காலைல வாங்கிக்கிறேன்" என்று எழுந்து போவார்கள். நாளைக்குக் காலை அவசரமில்லையா?

ஜீன்ஸ் பேன்ட் உயரம் குறைப்பதைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டு மெஷின் அம்மா காலத்தது, மிதிக்கிற மெஷினுக்குப் பிற்பாடு மோட்டார் மாட்டியது. பருத்தித் துணிக்கு 14ஆம் நம்பர் ஊசி போட்டு, நூல் இழுவையைச் சரியாகப் பழக்கி வைத்திருக்கிறேன். ஜீன்ஸின் பக்கத்தையல் ஏற்கனவே துணி மேல் துணியாக மடித்து அடித்தது. அடிமடிப்பை இரண்டு தரம் மடித்ததும் அந்த இடத்தில் பத்து மடிப்புக்குப் பக்கமாகத் துணி திரண்டு நிற்கும். அதில் 14ஆம் நம்பர் ஊசியை இறக்கினால் ஊசி வளையும், இல்லையென்றால் ஒடிந்து முகத்துக்கு நேரே தெறிக்கும். 16 அல்லது 18ஆம் நம்பர் ஊசி மாற்ற வேண்டும், தடிமனான நூல் கோக்க வேண்டும், இழுவையை மறுபடி திருக வேண்டும். ஊசி போய்க் கீழே இரும்பில் இடித்தால், அடிநூலை மேல்நூலோடு கோக்கிற ஷட்டிலில் கீறல் விழும், ஊசியும் ஷட்டிலும் சந்திக்கிற நேரம் தப்பிப்போகும். அதற்கப்புறம் எந்தத் துணியில் போட்டாலும் தையல் விட்டு விட்டு விழும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அந்தக் காசை யார் தருவது? "பக்கத்துக் கடைல அம்பது ரூவா கேக்குறான், நீ இருக்கும்போது எதுக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னவரா தருவார்?

அதைவிடக் கொடுமை, தைத்ததைப் பிரிப்பது. போனில் தள்ளுபடி வந்தது என்று ஒரு சைஸ், இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிவிட்டு, "நம்ம வீட்லதான் ஆள் இருக்கே, பிடிச்சுக்கலாம்" என்று தைரியமாக எடுத்து வருகிறார்கள். அளவு பார்த்து வாங்குகிற பொறுப்பைக்கூட என் தலையில் கட்டியாயிற்று. அரிசி மூட்டையின் வாயில் போட்ட சங்கிலித் தையலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் அவிழ்ந்து வந்துவிடும். வீட்டு மெஷின் போடுவது அந்தத் தையல் இல்லை. மேல்நூலும், அடியில் பாபினிலிருந்து வருகிற நூலும் ஒவ்வொரு குத்திலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். எலியாஸ் ஹோவே என்பவர் 1846இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது இந்தப் பூட்டுத் தையலுக்குத்தான், இன்றைக்கும் அதேதான் ஓடுகிறது. அதனால்தான் நம் உடுப்பு நடுரோட்டில் பிரிந்து மானத்தை வாங்காமல் இருக்கிறது. பிரிக்க வேண்டுமானால் ரிப்பரை விட்டு ஒவ்வொன்றாக அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இஞ்ச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு தையல். 15 இஞ்ச் பக்கத்தையல், இரண்டு பக்கம், அதுவும் டபுள் தையல் என்றால் 600, 700 தையல் ஆகிறது. ஒரே ஒரு தரம் கை தவறினால் துணி கிழியும். கிழிந்தால் "நல்லாத்தான இருந்துச்சு" என்பார்கள்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். சும்மா தைத்துக் கொடுத்தால் அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வருவார்கள். நூலுக்கும் கொக்கிக்குமாவது கொடுங்கள் என்று சொன்னால், "அக்கம்பக்கத்துக்குள்ள காசா?" என்று முகம் சுண்டிப்போகும். மாட்டேன் என்றால் திமிர். இதே ஆட்கள்தான் இன்னொரு நாள் வந்து உட்கார்ந்து, "இவ்வளவு நல்லாத் தைக்கிற, பேசாம தொழிலா ஆரம்பிச்சிரு, மாசம் நல்லா வரும்ல" என்று புத்தி சொல்கிறார்கள். நான் பணத்துக்காகத் தைக்கவில்லை என்றால் அது ஏன் யாருக்கும் புரியவே மாட்டேன் என்கிறது? என் தம்பி ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் பேட்டைத் தூக்கிக்கொண்டு கிரிக்கெட் ஆடப் போகிறான். அவனிடம் யாராவது "எங்க வீட்டுக்கு வந்து நாலு பந்து போட்டுட்டுப் போ" என்கிறார்களா? "இதுல மாசம் எவ்வளவு வரும்" என்கிறார்களா? அவன் விளையாடினால் விளையாட்டு. நான் தைத்தால் மட்டும் அது வீட்டு வேலைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பொம்பளை கையால் செய்கிற எதுவும் யாருக்காவது உபயோகப்பட்டே தீர வேண்டும் என்று யார் எழுதி வைத்தது?

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் எனக்கு நிஜமாகவே ஆத்திரம் மூட்டுவது. என்னிடம் ஓசியில் வாங்கிக்கொள்கிறவர்கள் டெய்லரிடம் போனாலும் இருபது ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறவர்கள்தான். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில், எத்தனை காலமாகத் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது! சிலைத்தூணுக்குத் தூண் ஒரு மெஷின், பக்கத்தில் துணி மூட்டை, கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஒரு மனிதர். துணியைக் கொடுத்துவிட்டுக் கோயிலைச் சுற்றி வந்தால் பாவாடையும் தலையணை உறையும் தயாராக இருக்கும். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கு வேண்டிக்கொண்டு திரி எடுக்கிறவர்களுக்கும் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கும் அந்த உடுப்பெல்லாம் அங்கேதான் தைத்துக் கொடுத்தார்கள். சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்று பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. இப்போது கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர்கள் இடம் மாறிப் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய் நியாயமான கூலியைக் கொடுத்துத் தைத்து வாங்குங்கள். நான் ஓசியில் ஜிப்பு மாற்றிக் கொடுத்தால் அது தெருமுனையில் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதரின் அன்றைய கூலியில் போய் விழுகிறது. எனக்கு அதில் சம்மதம் இல்லை.

சரி, அப்படி என்னதான் அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஒரு துணியை விரித்து, நீட்டுநூல் எது குறுக்குநூல் எது என்று இழுத்துப் பார்த்து, சாக்பீஸால் முதல் கோடு போடும்போது என் மனசில் வேறு எதுவுமே இருக்காது. ஆபீஸ் இருக்காது, கரண்ட் பில் இருக்காது. உடுப்பின் கையை உடம்புப் பகுதியோடு சேர்க்கிற இடம் இருக்கிறதே, அதற்காகவே நான் தைப்பேன். கைமேல் வளைவு அக்குள் வளைவைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். அந்த மிச்சத்தை ஒரு சுருக்கம்கூட விழாமல் தோள்பக்கம் நைசாக உள்ளே அடக்க வேண்டும். முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிட ஆழமாக வெட்டினால்தான் கையை முன்னால் நீட்டும்போது பிடிக்காது. இது அத்தனையும் சரியாக அமைந்து, திருப்பிப் போட்டுப் பார்க்கும்போது கை தோளில் அப்படியே வழுக்கி உட்காரும். அந்தச் சந்தோஷத்தை எனக்கு வேறு எதுவும் கொடுத்ததில்லை.

அப்புறம் பாக்கெட். கடையில் வாங்குகிற பெண்கள் குர்த்தியில் பாக்கெட்டே இருப்பதில்லை. இருந்தாலும் இரண்டு விரல் நுழையாது. நான் தைக்கிற ஒவ்வொரு குர்த்திக்கும் போன், சாவி, பஸ்ஸுக்குச் சில்லறை எல்லாம் போகிற மாதிரி ஆழமான பாக்கெட் வைப்பேன். பக்கத்தையலுக்குள் அது ஒளிந்திருக்கும், வெளியே தெரியாது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது இரண்டு கையும் காலியாக இருக்கிற சுகம் தைத்துப் போட்டவளுக்குத்தான் தெரியும்.

இப்போது என் பீரோவில் ஒரு சுங்குடிச் சேலை இருக்கிறது. அச்சடித்தது இல்லை, நிஜமாகவே கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் கடைகளில் அந்தப் பெயரில் குவிந்து கிடப்பதில் பாதிக்கு மேல் அச்சுப்புள்ளிதான். முடிச்சுச் சுங்குடியைக் கையால் தடவினாலே தெரியும், புள்ளிக்குப் புள்ளி துணி கொஞ்சம் முண்டி நிற்கும், ஒரு புள்ளி போல் இன்னொன்று இருக்காது. மதுரையில் இருக்கிற சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நகத்தால் துணியைக் கிள்ளி, நூலைச் சுற்றிச் சுற்றிப் போட்ட முடிச்சு ஒவ்வொன்றும். அதைக் குர்த்தியாக வெட்ட வேண்டும் என்று எவ்வளவு நாளாக ஆசை. கழுத்துக்கு நேர்நடுவில் புள்ளி வரிசை வர வேண்டும், கரை கைநுனியில் விழ வேண்டும், துணியை வீணாக்கக் கூடாது. பேப்பரில் படம்கூடப் போட்டு வைத்துவிட்டேன். வெட்ட உட்காரும்போதெல்லாம் காலிங் பெல் அடிக்கும். "ஏத்தா, இருக்கியா?"

கத்தரிக்கோலைப் பற்றியும் சொல்லாமல் விட முடியவில்லை. துணி வெட்டுகிற கத்தரி துணிக்கு மட்டும்தான். என் வீட்டில் இருப்பவர்களுக்கே இது ஏறவில்லை. பால் பாக்கெட், கூரியர் அட்டைப்பெட்டி, பிள்ளையின் புராஜெக்ட் பேப்பர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் எடுக்கிறார்கள். பேப்பரில் களிமண்ணும் சுண்ணாம்புப் பொடியும் கலந்திருக்கும், அது கத்தரி முனையைத் தேய்த்துவிடும். அப்புறம் மெல்லிய துணியில் வைத்தால் வெட்டாது, கடித்து இழுக்கும். சைக்கிளில் வருகிற சாணைக்காரர் தெருப்பக்கம் வருவதே குறைந்துபோனது. கத்தரியைத் தொட்டால் நான் கத்தத்தான் செய்வேன், அதற்காகக் கோபக்காரி என்று பட்டம் கட்டினாலும் கவலை இல்லை.

இதோ, தீபாவளி வரப்போகிறது. விளக்குத்தூணிலும் தெற்கு மாசி வீதியிலும் கால் வைக்க இடம் இருக்காது. ஊரிலுள்ள டெய்லர்கள் எல்லாம் "இனி ஆர்டர் எடுப்பதில்லை" என்று போர்டு மாட்டிவிடுவார்கள். அவர்கள் மாட்டினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அங்கே திருப்பி அனுப்பப்பட்ட ஜாக்கெட் துணி எல்லாம் நேராக என் வீட்டுக்கு வரும், கூடவே எப்போதோ தைத்த ஓர் அளவு ஜாக்கெட்டும் வரும். "அதே மாதிரி வேணும், ஆனா கை கொஞ்சம் லூசா, உடம்பு கொஞ்சம் டைட்டா, கழுத்து கொஞ்சம் இறக்கமா." அப்படியானால் அதே மாதிரி எங்கே இருக்கிறது? லைனிங் துணி யார் வாங்குவது, அதை யார் நனைத்துக் காயப்போடுவது, அதற்கு ஏற்ற நிறத்தில் நூல்கண்டு தேடி யார் அலைவது? போன தீபாவளிக்கு விடிய விடிய உட்கார்ந்து அடுத்தவர்களுக்குக் கொக்கி கட்டிவிட்டு, நான் கடையில் வாங்கிய, பாக்கெட் இல்லாத சுடிதாரைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

இந்த வருஷம் அது நடக்காது. ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே கிடக்கிற பைகளை எல்லாம் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பதில் நான் கை வைக்கவில்லை. தைக்க வேண்டுமென்றால் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போங்கள், இல்லையா, தெருமுனை டெய்லரிடம் கொடுங்கள், அவர் கேட்கிற கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். கற்றுக்கொள்ள ஆசை என்றால் மட்டும் என் வீட்டுக்கு வாங்க. பாபினில் நூல் சுற்றுவதிலிருந்து ஆரம்பித்துச் சொல்லித் தருகிறேன், அதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருவேன். துணியைத் தூக்கிக்கொண்டு மட்டும் வராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுங்குடியை வெட்டப் போகிறேன். மதினியே வந்து பெல் அடித்தாலும் கதவு திறக்காது.